இரண்டு காற்றுக்கு நடுவே ஒரு நாள்

ஸ்ட்ரெதமில் நாங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி துணி காயப்போடுவதை முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு தலையணை உறைக்கு ஆறு கிளிப். ஒரு துணியின் ஓரத்தை அடுத்த துணியின் ஓரத்தோடு மடித்துச் சேர்த்துக் கிளிப்பைக் குத்திவிட்டு, கொடியை ஒருமுறை இழுத்தும் பார்ப்பார். அன்றைக்குத் தோட்டத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

"காத்து இல்லையே அக்கா?" என்றேன்.

"இப்ப இல்ல" என்றார்.

அவர் மலேசியாக்காரர். ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தாதி வேலை படிக்க ஸ்கொட்லாந்துக்கு வந்து, படிப்பு முடிந்ததும் கூடப் படித்தவர்கள் ஒருவரும் போக விரும்பாத இடத்துக்கு மருத்துவச்சியாகப் போயிருக்கிறார். ஸ்கொட்லாந்துக்கும் வடக்கே, நடுக்கடலில், ஷெட்லண்ட் என்று ஒரு தீவுக்கூட்டம். அங்கே பதின்மூன்று வருடம். பிறகுதான் லண்டனுக்கு வந்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலை எடுத்து, இந்த வீட்டையும் வாங்கினார். கல்யாணம் செய்யவில்லை. நானும் கணவரும் எண்பத்தாறில் அவருடைய மேல்மாடிக்கு வந்தோம். அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். குள்ளமான உருவம், ஆம்பிளைச் சப்பாத்து, எந்த நேரமும் காதை மூடிய ஒரு கம்பளித் தொப்பி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். என் கணவர் முகத்துக்கு முன்னால் அக்கா என்றும் பின்னால் காத்து அக்கா என்றும் சொல்லுவார்.

காரை அவர் தெருவில் நிறுத்துகிற முறையே வேறு. இறங்குமுன் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி, எந்தப் பக்கமிருந்து காற்று வருகிறது என்று பார்ப்பார். பிறகு கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திறக்க மனமில்லாதவர் மாதிரி மெல்லத் திறப்பார். அந்தத் தீவுகளில் காருக்கு முதுகுப்பக்கம் காற்று இருக்கும்போது கதவைத் திறந்தால் கதவு கையோடு போய்விடுமாம். அவருடைய முதல் காரின் கதவு அப்படித்தான் ஒரு ஆட்டுப்பட்டிக்குள் போய் விழுந்தது. பெரிய காற்றடித்த மறுநாள் ஒரு வாளி நல்ல தண்ணீரோடு வெளியே வந்து ஜன்னல் கண்ணாடிகளைக் கழுவுவார். அங்கே கடல் உப்பு கண்ணாடியில் படிந்து வெளியே ஒன்றும் தெரியாமல் போகுமாம். ஸ்ட்ரெதமில் ஏது கடல்? அது தெரியும், கை கேட்கிறதில்லை என்பார்.

குளிர்காலத்தில் நான் நடுங்கிக்கொண்டு கீழே இறங்கினால், "இதெல்லாம் ஒரு குளிரா?" என்று கேட்கமாட்டார். அது அவரிடம் எனக்குப் பிடித்த குணம். உண்மையில் லண்டன் குளிரும் அந்தத் தீவுக் குளிரும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பார். கடல் சுற்றியிருப்பதால் அங்கே பனி விழுந்தாலும் நாலு நாளுக்கு மேல் நிற்காது.

"குளிர் ஒண்ணும் பண்ணாதும்மா. காத்துதான். அங்க நாலு பருவம் கெடையாது. காத்து இருக்கு, காத்து இல்ல, அவ்வளவுதான்."

ஆனால் கேட்டால் பருவங்களையும் சொல்லுவார். மார்கழியில் ஒன்பது மணிக்கு மேல் எழும்புகிற சூரியன், மலை விளிம்பில் கொஞ்சத்தூரம் ஊர்ந்து, மூன்று மணிக்கு முன்னமே விழுந்துவிடும். வைகாசியில் ஆட்டுக்குட்டிகள் பிறக்கிற வாரம் பார்த்து ஒரு பனி கொட்டும். ஆனியில் இரவே கிடையாது. நடுச்சாமத்தில் விளக்கில்லாமல் ஊசியில் நூல் கோர்க்கலாம். பறவைகள் நித்திரை கொள்ளாமல் கத்திக்கொண்டே இருக்கும். அந்த நல்ல நாட்களில்தான் கடலிலிருந்து மூடுபனியாகப் புகார் எழும்பி வந்து விமானத்தளத்தை மூடிவிடும். மரம் என்று ஒன்று கிடையாது. காற்று விட்டு வைக்காது. மரத்தைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இருந்தது. லண்டனில் எங்கே பார்த்தாலும் மரம் நின்று வானத்தை மறைக்கிறது என்பார்.

அந்த ஊர்ச் சனங்களிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டு வந்த ஒரு பேச்சு இருந்தது. ஐப்பசியிலிருந்து பங்குனி வரைக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் புயற்காற்று வரும். ஒன்று போய் மற்றது வருவதற்கு நடுவில், சில வேளை, ஒரு நாள் கிடைக்கும். கடல் எண்ணெய் ஊற்றினது மாதிரிக் கிடக்கும். அதற்கு 'இரண்டு காத்துக்கு நடுவுல ஒரு நாள்' என்று பெயர். அந்த நாளில் ஒருவரும் வீட்டுக்குள் இருக்கமாட்டார்கள். துணி துவைப்பார்கள், கூரையைப் பார்ப்பார்கள், சின்னத் தீவுகளுக்குப் படகு போகும், ஆட்டை ஏற்றுவார்கள், நோயாளியை இறக்குவார்கள், சண்டை பிடித்த உறவுக்காரரைக்கூட அன்றைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். கிழமையோ திகதியோ கணக்கில் இல்லை.

லண்டனிலும் அவர் அப்படித்தான் வாழ்ந்தார். மாசி மாதத்தில் ஒரு வெயில் காலை வந்தால் ஏழு மணிக்கு என் கதவில் தட்டுவார். "திரைச்சீலையெல்லாம் கழட்டு." பிள்ளை வயிற்றில் மூன்றரை மாதமாக இருக்கும்போதே ஆஸ்பத்திரிப் பையை அடுக்கி வாசலில் வைத்தவர் அவர். எங்கள் மகனின் முதலாவது பிறந்தநாளுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொன்னோம். சனிக்கிழமை மத்தியானமே பரிசோடு மேலே வந்துவிட்டார்.

"அக்கா, நாளைக்கல்லோ?"

"தெரியும். நாளைக்கு எப்படியோ."

இருந்ததைச் சாப்பிட்டார். பிள்ளைக்குப் பாட்டுப் படித்தார். ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்.

என் கணவர் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. பகலில் நித்திரை கொள்கிறவர். அவருக்கு இதெல்லாம் எரிச்சல்.

"உவ மனிசரைச் சும்மா இருக்க விடமாட்டா. ஒரு நல்ல வெயில் வந்தால் ஆறுதலா ஒரு தேத்தண்ணி குடிப்பமெண்டு இல்லை."

எண்பத்தேழில் லண்டனை ஒரு புயற்காற்று அடித்தது. விடிய எழும்பிப் பார்த்தால் எங்கள் தெருவில் மூன்று பெரிய மரங்கள் வேரோடு விழுந்து கிடந்தன. கூரையோடுகள் தெரு முழுக்க. எங்கள் ஊரான அளவெட்டியில் குண்டு விழுந்த மறுநாள் தெரு இப்படித்தான் இருக்கும். அக்கா ஏற்கனவே சப்பாத்துப் போட்டு, தொப்பியோடு வாசலில் நின்றார். முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

"லண்டனுக்கு வந்து நேத்துதான் நல்லாத் தூங்கினேன்" என்றார்.

அன்றைக்கு பஸ்ஸும் இல்லை, ரயிலும் இல்லை. அவர் தன் பையை எடுத்துக்கொண்டு, விழுந்த மரங்களுக்கு மேலால் ஏறிக் கடந்து, பிரசவத்துக்கு நாள் நெருங்கியிருந்த நாலு பெண்களின் வீடுகளுக்கு நடந்தே போய்ப் பார்த்துவிட்டு, பிறகு ஆஸ்பத்திரிக்கும் நடந்தே போனார். ஒருவரும் அவரைப் போகச் சொல்லவில்லை. சாயங்காலம் வந்து, தெருவில் கிடந்த மரத்துண்டு ஒன்றில் இருந்து வானத்தைப் பார்த்தார். மரங்கள் விழுந்ததால் வானம் பெரிதாகியிருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நான் நினைக்கிறேன்.

தொண்ணூற்றைந்து தை மாதத்தில் ஊரில் சண்டை நின்றது. அரசாங்கமும் இயக்கமும் பேசப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. டூட்டிங்கில் தமிழ்க் கடைக்குப் போனால் எல்லோர் முகத்திலும் ஒரு வெளிச்சம். ஐயா செத்தபிறகு என் அம்மா அளவெட்டியில் தனியாக இருந்தா. டெலிபோன் கிடையாது. ஒரு கடிதம் போய்ச் சேர ஒன்றரை மாதம், சில வேளை மூன்று மாதம். நானும் கணவரும் மேலே செய்தியைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா படியேறி வந்தார். அவர் சந்தோஷப்படவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இப்ப ஆளுங்க போகலாமா, வரலாமா?"

"ஓம் அக்கா, முந்தியைவிடச் சுகமாம்."

"அப்ப ஒங்க அம்மாவைக் கூட்டிட்டு வா."

என் கணவர் சிரித்தார். "இப்பதானே அக்கா சண்டை நிண்டிருக்கு. தரைப்பாதையும் திறக்கப் போறாங்களாம். சித்திரையிலை பிள்ளைக்கு லீவு. மூண்டு பேருமாப் போய் ஆறுதலாக் கூட்டிக்கொண்டு வருவம்."

"சித்திரை எப்ப?"

"இன்னும் மூண்டு மாசம்."

"மூணு மாசமா?" என்று கேட்டுவிட்டு அக்கா கீழே போய்விட்டார். அடுத்த நாள் காலையில் வந்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குத் தானே கூட்டிப்போய்க் கூட்டிவருவதாகவும், ஆஸ்பத்திரியில் அதற்கேற்றபடி ஷிப்ட் மாற்றிவிட்டதாகவும் சொன்னார். நாங்கள் கேட்கவே இல்லை. கணவருக்குக் கோபம். எனக்கும் கொஞ்சம் கோபம்தான். ஆனால் அவர் அப்படி வந்து நின்றபிறகு போகாமலிருக்க என்னிடம் காரணம் இருக்கவில்லை. கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கடிதம் கொடுத்தனுப்பினேன். மாசிக் கடைசியில் நானும் புறப்பட்டேன்.

அம்மா கடல்நீர்க் களப்பைப் படகில் கடந்து, வவுனியா வந்து, கொழும்புக்கு வந்து சேர்ந்தா. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்து இருவரும் பன்னிரண்டு நாள் இருந்தோம். விசாவுக்கு விண்ணப்பம் கொடுத்தோம். நேர்முகத்துக்கு வைகாசியில் வரச்சொல்லித் திகதி தந்தார்கள். என் லீவு முடிகிறது. அம்மா தன் பையை அடுக்கத் தொடங்கினா.

"வைகாசி வரைக்கும் நான் இந்த அறையிலை சுவரைப் பாத்துக்கொண்டே இருக்கிறது? வீட்டுக்குப் போயிட்டு நேரத்தோடை வந்திடுவன்."

"அம்மா, இஞ்சையே இருங்கோவன்."

"இப்ப என்ன பயம்? சண்டைதான் நிண்டிட்டுதே. நீ யோசிக்காதை."

அவவோடு வாதாடி வென்றவர் ஒருவரும் இல்லை. வவுனியா ரயிலில் ஏற்றிவிட்டு நான் லண்டனுக்கு வந்தேன். அக்கா வாசலில் என் பெட்டியைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார். நான் சொன்னதும் தலையாட்டினார். உள்ளே போய்த் தேநீர் வைத்தார்.

சித்திரை நடுவில் சண்டை திரும்பத் தொடங்கியது. வைகாசி வந்து போனது. ஐப்பசிக் கடைசியில், அளவெட்டி இருக்கிற வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் வீடுகளை விட்டு, மழையில், ஒரு பாலத்தால் நடந்து தென்மராட்சிக்குப் போனது என்று செய்தி வந்தது. அதன்பிறகு நாலு மாதம் அம்மாவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அந்த நாலு மாதமும் அக்கா தினமும் வேலை முடிந்து மேலே வந்து குசினியில் இருப்பார். ஆறுதல் சொல்லமாட்டார். உருளைக்கிழங்கு இருந்தால் உரிப்பார். பிள்ளையின் கணக்குக் கொப்பியைப் பார்ப்பார். அவர் ஒரு தடவையாவது "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லியிருந்தால் நான் அவரோடு சண்டை பிடித்திருப்பேன். சண்டை பிடிக்க எனக்கு யாராவது தேவையாயிருந்தது. அவர் சொல்லவே இல்லை. என் கணவர் ஒருநாள் தானாகவே அவரிடம், "அக்கா, உங்கடை சொல்லைக் கேட்டு முதல் கிழமையே போயிருந்தால் விசாத் திகதியும் முந்திக் கிடைச்சிருக்கும்" என்றார். அக்கா அவரைப் பார்த்து, "ஒனக்கு எப்படித் தெரியும்? எனக்குந்தான் தெரியாது லா" என்று தன் மலேசியப் பேச்சில் சொன்னார். அதன்பிறகு கணவர் அவரைக் காத்து அக்கா என்று சொன்னதை நான் கேட்டதில்லை.

மாசியில் ஒரு கடிதம் வந்தது. அம்மா கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தா. பிறகு மலேரியா. பிறகு வவுனியாவில் ஒரு முகாம். கொழும்புக்கு வர அனுமதி கிடைக்க இன்னும் பல மாதம். தொண்ணூற்றேழு மாசியில்தான் லண்டன் விசா கிடைத்தது. ஏறக்குறைய இரண்டு வருடம்.

அம்மா வருகிறதுக்கு முதல்நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் கீழே அக்காவின் குசினியில் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மனம் நிறைந்திருக்க வேண்டிய நாள். எனக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது.

"வரட்டும் அக்கா. கேக்கத்தான் போறன். கொழும்பிலை கையுக்குள்ளை இருந்த மனிசி ஏன் திரும்பிப் போனவ? அங்கை என்ன கிடந்தது? ரெண்டு வருசம் எங்களை என்ன பாடு படுத்தினவ எண்டு கேக்கத்தான் போறன்."

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்து இருந்தார். அந்தப் பதின்மூன்று வருடத்தைப் பற்றி அவர் சொன்ன கதைகளில் அன்றைக்குச் சொன்னதை மட்டும் நான் முன்பு கேட்டதில்லை.

நாலே நாலு வீடு இருக்கிற ஒரு சின்னத் தீவு. அங்கே ஒருத்திக்குப் பிரசவத்துக்கு மூன்று வாரம் இருந்தது. கார்த்திகை மாதம். புருஷன் மீன்பிடிக் கப்பலில் போயிருந்தான். இரண்டு சின்னப் பிள்ளைகள். பத்து நாள் காற்றுக்குப் பிறகு ஒரு நாள் அமைதியாக விடிந்தது. அக்கா படகெடுத்துப் போனார், அவளைப் பெரிய தீவுக்குக் கூட்டிவர.

"வரமாட்டேன்னுட்டா. பசு கன்னு போடப் போகுது, அதை விட்டுட்டு வரமாட்டேன்னா. எனக்குக் கோவம். அக்கம்பக்கத்து ஆளுங்க முன்னாடி, ஒனக்குப் பசு பெருசா, புள்ள பெருசான்னு சத்தம் போட்டேன். தலையைக் குனிஞ்சிக்கிட்டு நின்னா. நான் படகுல ஏறி வந்துட்டேன். மறுநாள் காத்து எடுத்துச்சு. எட்டு நாள். அந்தக் காத்துல எதுவும் பறக்காது, எதுவும் மெதக்காது. ஆறாவது நாள் புள்ள பொறந்துச்சு. பக்கத்து வீட்டுக் கெழவிதான் பாத்திருக்கா. புள்ள நல்லாருந்துச்சு. அவளுக்கு ரத்தம் நிக்கல."

நான் கீரையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஒம்பதாவது நாள் நான் போனேன். கன்னுக்குட்டி நிக்குது. அந்தப் பசுவோட பாலைத்தான் அந்தப் பச்சப் புள்ளைக்குக் குடுத்துக்கிட்டு இருக்காங்க. மத்த ரெண்டு புள்ளைங்களுக்கும் அதான். அந்த வீட்டுல வேற என்ன இருந்துச்சு? அதை நான் கேக்கவே இல்லம்மா. காத்தைத்தான் பாத்தேன். அவகிட்ட நான் கடைசியாப் பேசினது அந்தப் பேச்சுதான்."

பிறகு எழுந்து கத்தியைக் கையில் எடுத்தார்.

"ஒங்க அம்மாகிட்ட ஒண்ணும் கேக்காத. அவங்களாச் சொன்னா கேட்டுக்க."

விமானநிலையத்தில் அம்மாவை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. சேலைக்கு மேல் யாரோ கொடுத்த ஆம்பிளைக் கோட்டு. கையில் ஒரு பை. என்னைக் கண்டதும் அவவின் முகத்தில் முதலில் வந்தது பயம். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு நான் அவவுக்கு முன்னால் நிற்கும்போது என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். அந்தக் கேள்வி எனக்கு வாய் வரை வந்தது. நான் பையை வாங்கிக்கொண்டேன்.

"பிளேனிலை சாப்பிட்டனீங்களோ அம்மா?"

"ஓம் பிள்ளை" என்றா. பிறகு என் கையைப் பிடித்தவ, கார் வரைக்கும் விடவில்லை.

வீட்டில் அக்கா ஒரு பேசினில் வெந்நீர் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அம்மாவின் பாதங்கள் வெடித்து, ஒரு குதியில் ஆறாத புண் இருந்தது. அக்கா நிலத்தில் இருந்து அந்தக் காலைத் தன் மடியில் வைத்துத் துடைத்தார். அம்மா கூச்சத்தில் காலை இழுத்தா. "இருங்கக்கா, இது என் வேலை" என்றார் அக்கா. ஆறு கிழமை, ஒருநாள் விடாமல், அந்தப் புண்ணுக்குக் கட்டுப் போட்டார். கட்டுப் போடும் நேரத்தில் இருவரும் பேசிக்கொள்வது முழுக்கக் காற்றைப் பற்றித்தான். அம்மா வாடையைச் சொல்லுவா, சோளகத்தைச் சொல்லுவா, கச்சான் காற்று எந்த மாதம் எழும்பும், எந்தக் காற்றுக்குப் பனங்காய் விழும் என்று சொல்லுவா. அக்கா அங்கே தென்கிழக்குக் காற்றுக்கு எந்த வீட்டில் புகை உள்ளே அடிக்கும் என்று சொல்லுவார். மேலேயிருந்து கேட்டால் இரண்டு பேரும் ஒரே ஊரில் பிறந்தவர்கள் மாதிரி இருக்கும்.

அடுத்த வருடம் அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். வீட்டை விற்றுவிட்டு ஷெட்லண்டுக்கே திரும்பிப் போகப் போவதாகச் சொன்னார். அறுபது வயதுக்கு மேல், தனியாக, அந்தக் காற்றுக்குள் ஏன் போகிறார் என்று என் கணவர் மன்றாடாத குறையாகக் கேட்டார். "இங்க காத்து செவுத்துல முட்டிக்கிட்டு நின்னுடுது" என்றார். அதைவிட வேறு காரணம் இருந்திருக்கும். அந்தப் பச்சைப் பிள்ளைக்கு இப்போது இருபத்தைந்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும் என்று நான் ஒருநாள் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். அவரிடம் கேட்கவில்லை.

அங்கிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில், பெரிய பெரிய எழுத்தில், ஒரு பக்கம். எல்லாம் காலநிலைதான். மூன்று நாளாகப் படகு வரவில்லை. இன்றைக்குத் துணி காய்ந்தது. இரவு பத்தரைக்கு வாசலில் இருந்து இதை எழுதுகிறேன், இன்னும் வெளிச்சம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசிப்பா. பதிலும் அவவே எழுதுவா. மேல்விலாசத்தை ஆங்கிலத்தில் எழுதி, முத்திரை ஒட்டிப் போடுவது மட்டும் என் வேலை.

ஒருநாள் அம்மா தந்த கடிதம் தடிப்பாக இருந்தது. இரண்டு பக்கமும் எழுதிய நாலு தாள். ஒட்டாமல் என் கையில் தந்தா. லண்டனில் அந்தக் கிழமை முழுக்க ஒரே மாதிரித் தூறல்தான். அதை எழுத நாலு தாள் வேண்டாம். மேல் தாளின் முதல் வரியில் கொழும்பு என்ற சொல் என் கண்ணில் பட்டது.

"வாசிச்சுப் பாக்கப் போறியோ?" என்று அம்மா கேட்டா. குரலில் ஒன்றும் இல்லை. மறுக்கவும் இல்லை, அழைக்கவும் இல்லை.

"அக்காவுக்குத்தானே எழுதினனீங்கள்" என்றேன்.

தாள்களை மடித்து உறைக்குள் வைத்தேன். நாக்கால் நனைத்து ஒட்டி, ஷெட்லண்ட் விலாசத்தை எழுதி, அம்மா பார்த்துக்கொண்டிருக்கக் கோட்டைப் போட்டுக்கொண்டு தபால்பெட்டிக்கு நடந்தேன்.